கண்ணாடித் தொட்டியும் கோமாளி மீனும்

மீன் என்றதும் உலையையும் சட்டியையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். வலையில் அகப்பட்டதை நிறுத்து விற்பதும் நிறுத்து வாங்குவதுமே நாம் அறிந்த மீன் வாணிபம். ஆயின் உண்பதற்கன்றிக் காண்பதற்கென்றே பிடிக்கப்படும் மீன்களும் உள. ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தைச் சேர்ந்த கண்காணிப்பு மையம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அறிக்கை, இவ்விருவகை மீன்களின் விலையையும் அருகருகே வைத்துக் காட்டியது. 2000ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து காட்சித் தொட்டிகளுக்கென அனுப்பப்பட்ட மீன், கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 500 அமெரிக்க டொலர் பெறுமதியுடையதாயிருந்தது. அதே முருகைக் கற்பாறைகளிடையே உணவுக்கெனப் பிடிக்கப்பட்ட மீனின் பெறுமதியோ கிலோ ஒன்றுக்கு 6 டொலர் மட்டுமே. ஆண்டொன்றில் 2 கோடி முதல் 2 கோடி 40 இலட்சம் வரையிலான கடல் மீன்கள் இவ்வாறு காட்சிக்கென விற்கப்படுகின்றன என்றும், அவை 1,471 இனங்களைச் சேர்ந்தவை என்றும் அவ்வறிக்கை கணித்தது. அவற்றுள் மிகுதியாக விரும்பப்படுவனவற்றில் ஒன்று கோமாளி மீன்.

இத்துணை பெரிய விலை வேறுபாட்டுக்குக் காரணம் யாது? அழகே காரணம் என்பர் பலர். இவ்விடை முற்றும் பொருந்துவதன்று. இம்மீன் நேற்று அழகு பெற்றதன்று. கரையோர மக்கள் பல தலைமுறைகளாக அதனைக் கண்டே வந்துள்ளனர். அன்று அதற்கு விலை இருக்கவில்லை. கடலினின்றும் அதனைப் பிரித்தெடுத்து, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கண்ணாடிச் சுவர்களுக்கிடையே உயிருடன் வைத்திருக்க மனிதன் கற்றுக்கொண்ட பின்னரே அழகு சரக்காயிற்று. எனவே, அதன் விலையினுள் அடங்கியிருப்பது அழகு மட்டுமன்று. நெடுங்கால அறிவும், பலருடைய உழைப்பும் அதனுள் அடங்கியுள்ளன. அவ்வறிவு யாருடையது, அவ்வுழைப்பு யாருடையது, பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அம்மீனின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நலம். கோமாளி மீன்களுள் ஏறத்தாழ 30 இனங்கள் உள. இந்து சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் உள்ள வெப்பமண்டலக் கடல்களே அவற்றின் தாயகம். செம்மஞ்சள் உடலும் அதன் குறுக்கே வெண்பட்டைகளும் கொண்ட இனமே உலகெங்கும் பெயர்பெற்றது. எனினும், எமது கடலிலே காணப்படும் இனமொன்று கரிய உடலும் வெண்பட்டைகளும் மஞ்சள் நிறங் கலந்த செட்டைகளும் உடையது. இவை யாவும் கடலனிமனி என்னும் உயிரினத்தின் கைகளிடையே வாழ்பவை. மலர்போலத் தோன்றும் அக்கடலனிமனியின் கைகளிலே கொட்டும் கலங்கள் நிறைந்துள்ளன. பிற சிறுமீன்கள் தீண்டினால் மடியும். கோமாளி மீனோ தன் உடலைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான படலத்தின் காப்பினால் அந்நச்சுக் கைகளிடையே படுத்துறங்குகின்றது. மீனுக்குக் கடலனிமனி அரணாக, மீனும் கடலனிமனியைக் கடித்துண்ண வரும் பகைவரை விரட்டுகின்றது. அதன் கழிவு கடலனிமனிக்கு ஊட்டமாகின்றது. ஒன்றையொன்று சார்ந்தே இரண்டும் வாழ்கின்றன. இச்சார்பு பற்றிய செய்தி, இவ்வரலாறு முழுவதற்கும் திறவுகோல் போன்றது என்பதை வாசகர் போகப் போக உணர்வர்.

மேலே கூறிய எமது கடலின் இனம் விஞ்ஞான நூலுலகில் முதன்முதல் இடம்பெற்றது 1830ஆம் ஆண்டிலாகும். பிரித்தானிய ஆட்சியிலே இலங்கையிற் குடியியற் சேவையிலிருந்த ஜோன் விற்சேர்ச் பெனற் என்பவர், இலங்கைக் கரையோரத்தின் வியத்தகு மீன்களைப் பற்றி வண்ணப்படங்களோடு கூடிய நூலொன்றினை 1828ஆம் ஆண்டு தொடக்கம் பகுதி பகுதியாக இலண்டனில் வெளியிட்டார். அந்நூலிலே இக்கோமாளி மீன் விவரிக்கப்பட்டு, கிளாக் என்னும் ஆங்கிலப் பெயரைத் தாங்கிற்று. இன்றும் உலகெங்கும் விஞ்ஞானிகள் அதனை அவ்வாறே வழங்குகின்றனர். பாரசீகக் குடாவிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பரந்து வாழும் ஓரினம் இலங்கைக் கடலில் எடுக்கப்பட்ட மாதிரியைக் கொண்டே பெயர் பெற்றது என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது. ஆயின் அம்மீனைக் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்த கைகளுக்கு அப்பெயரிலே இடமில்லை. பெனற் விவரித்த மற்றொரு மீனுக்குப் பெருஞ் செந்தீ என்று பொருள்படும் சிங்களப் பெயர் கரையோர மக்களிடையே வழங்கிற்று என்பதை, பின்னாளில் இலங்கை பற்றி எழுதிய எமர்சன் ரெனன்ற் குறித்துள்ளார். விஞ்ஞானம் பெயரிடுமுன்னரே மக்கள் பெயரிட்டிருந்தனர் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

பெனற் கண்டவை கரைக்கு வந்த மீன்கள். கடலினுள்ளே மீன் வாழும் இடத்திலேயே அதனைக் கண்டு தீட்ட விரும்பியவர் ஒஸ்திரிய நாட்டவரான ஒய்கன் பொன் ரன்சொனே. அவர் 1864 - 1865ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு வந்து, அடிப்புறம் திறந்த நீர்மூழ்கு கூண்டொன்றினுள் அமர்ந்து கடலடியில் இறங்கி, முருகைக் கற்பாறைகளின் காட்சியை அவ்விடத்திலேயே வரைந்தார். 1867இல் வெளிவந்த அவரது நூலிலே அப்படங்கள் இடம்பெற்றன. கடலடியில் இருந்தவாறே கடலடியை வரைந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். மேனாட்டார் அன்று வியந்து நோக்கிய அவ்வுலகம், மன்னார்க் கடலிலே மூச்சடக்கி மூழ்கிய முத்துக்குளிப்போருக்குப் புதியதன்று. கல்லைக் காலிற் கட்டி இறங்கியவனுக்குக் கடலடி காட்சிப் பொருளன்று. அஃது அவனுடைய வேலைத்தலம்.

இனி, கண்ணாடித் தொட்டியின் வரலாற்றை நோக்குவோம். கடலுயிர்களைக் கண்ணாடிப் பெட்டியில் உயிருடன் வைத்து முறையாக ஆராய்ந்தவர்களுள் முதலிடம் பெறுபவர் ஜான் வில்பிரே - பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகளாக 1794இற் பிறந்த அவர், பரிஸ் நகரில் தையற்காரியாகத் தொழில் பார்த்தவர். பின்னர் வணிகர் ஒருவரை மணந்து சிசிலித் தீவிற் குடியேறி, 1832ஆம் ஆண்டில் கண்ணாடித் தொட்டிகளை அமைத்துக் கணவாய் இனத்தைச் சேர்ந்த ஓருயிரைக் கவனித்தார். அவ்வுயிர் தன் ஓட்டினைத் தானே ஆக்குகின்றதா, பிறவற்றிடமிருந்து கவர்கின்றதா என்று அறிஞர் நெடுங்காலமாக வாதிட்டு வந்தனர். தானே ஆக்குகின்றது என்பதை அப்பெண்மணி தம் தொட்டியிற் கண்டு நிறுவினார். கல்லூரி வாயிலை மிதித்தறியாத ஒருவரின் பொறுமை, அறிஞர் அவையின் வாதத்தை முடித்துவைத்தது.

அவருடைய தொட்டி ஆராய்ச்சிக்கெனப் பிறந்தது. அதனை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் பொருளாதார மாற்றமாகும். 1845ஆம் ஆண்டில் அங்கு கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. இரயில் பாதைகள் கடற்கரையை நகரத்தோடு பிணைத்தன. 1850ஆம் ஆண்டில் றொபேட் வோரிங்ரன் என்னும் இரசாயனவியலாளர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றுக்கொன்று துணையாக வாழும் முறையை எடுத்துரைத்தார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதன் அமைப்பில் பங்குகொண்ட பிலிப் ஹென்றி கொஸ் 1854இல் எழுதிய நூல், நடுத்தர வர்க்கத்தினரிடையே கடற்றொட்டி மோகத்தைப் பரப்பிற்று. வாளியும் வலையும் தாங்கிய நகரத்தார் கடற்கரைப் பாறைக் குழிகளை மொய்த்தனர். சில பத்தாண்டுகளில் அக்குழிகள் வறிதாயின. தந்தையின் நூல் தூண்டிய ஆர்வமே தந்தை நேசித்த அழகினை அழித்தது என்று அவருடைய மகன் எட்மன் கொஸ், 1907இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் வருந்தியுள்ளார். காண விரும்பியவர்களே காட்சியை அழித்த இக்கதை பின்னர் வெப்பமண்டலக் கடல்களிலும் நிகழலாயிற்று.

ஆயினும் வெப்பக் கடல் மீனைத் தொட்டியில் உயிருடன் காப்பது அத்துணை எளிதாயிருக்கவில்லை. நன்னீர் மீன் பிழைத்த தொட்டியிலே கடல்மீன் சில நாட்களில் மடிந்தது. நீர் தெளிவாகவே இருக்கும்; உணவும் குறைவிராது; எனினும் மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவித்து இறக்கும். காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. பரந்த கடலிலே அது கரைந்து மறையும். சிறு தொட்டியிலே பெருகும். இந்நஞ்சினை மாற்றும் ஆற்றல் சில பற்றீரியாக்களுக்கு உண்டு. அவற்றுள் ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அதனை அத்துணை தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றம் உயிர்களால் நிகழ்வது என்பதை 1877இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஸ்லோசிங்கும் முன்சும் காட்டினர். அது இருபடியாக நிகழ்கின்றது என்பதை விளக்கியவர்களுள் ஒருவர் இளைய றொபேட் வோரிங்ரன். தொட்டிச் சமநிலையை எடுத்துரைத்த வோரிங்ரனின் மகன். வயல் மண்ணின் வளத்தை ஆராய்ந்தபோதே அவர் இதனைக் கண்டார். அப்பற்றீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் தனித்துப் பிரித்தெடுத்தவர் ருசிய விஞ்ஞானி வினொகிராட்ஸ்கி. தந்தை தொட்டியிலே தேடிய சமநிலையின் மறைபொருளை மகன் உழவனின் மண்ணிலே கண்டெடுத்தமை, அறிவின் வரலாற்றிலே சுவைமிக்க நிகழ்ச்சி எனலாம். ஆனால், அம்மண்ணின் உண்மை கடற்றொட்டி வளர்ப்போரின் நடைமுறையாக ஆவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இவ்விடத்திலே ஆசிய, ஆபிரிக்க நாட்டாரின் பங்கினையும் குறிப்பிடல் வேண்டும். கோமாளி மீனுக்கும் கடலனிமனிக்கும் உள்ள உறவு பற்றிய விரிவான ஆய்வொன்று 1930இல் வெளிவந்தது. அதனைச் செய்தவர் வெர்வே என்னும் ஒல்லாந்தர். செய்த இடம் இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவின் குடா. 1948இல் எகிப்திய விஞ்ஞானி கோஹர், செங்கடலிலே அதே உறவினை ஆராய்ந்து, அங்குள்ள கோமாளி மீனின் முட்டைகளையும் விவரித்தார். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், தாம் கையாண்ட எளிய முறையொன்றை அமெரிக்க மீன் வளர்ப்பு இதழொன்றில் எழுதினார். விலையுயர்ந்த வடிகருவிகள் எவையும் அவரிடம் இருக்கவில்லை. கடலிலிருந்து உயிரினங்கள் படிந்த கற்களை எடுத்துத் தொட்டியில் இட்டு, நல்ல வெளிச்சமும் காற்றுக் குமிழிகளும் கிடைக்கச் செய்தார், அவ்வளவே. கல்லின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மையாக்கின. பல்லாண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிதும் போற்றப்பட்ட உயிர்க்கல் முறையின் முன்னோடி இதுவே. பொருள் வளம் குறைந்த நாட்டிலே, கடலை அருகிருந்து கவனித்த கண்ணே கருவிக்கு ஈடாயிற்று.

இவ்வரலாறு முழுவதும் திரண்டு, இன்று மீன் வளர்ப்போர் கைக்கொள்ளும் சில விதிகளாக வடிவெடுத்துள்ளது. தொட்டியை நிறுவியவுடன் மீனை இடலாகாது. நுண்ணுயிர்கள் பெருகி அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றுப்போகும்வரை நான்கு முதல் ஆறு வாரங்களேனும் காத்திருத்தல் வேண்டும். நீரின் வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியசுக்குள் நிலைத்திருக்க வேண்டும். உப்பின் அளவு கடல்நீரை ஒத்திருத்தல் வேண்டும். அஃதாவது ஆயிரம் பங்கு நீரில் ஏறத்தாழ 35 பங்கு. தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆதலால், குறையும் நீருக்கு நன்னீரையே ஊற்றல் வேண்டும் என்பதைப் புதியவர் பலர் மறந்துவிடுவர். நீரின் ஒரு பகுதியைக் காலத்துக்குக் காலம் மாற்றல் வேண்டும். புதிதாக வந்த மீனை வேறொரு தொட்டியிற் சில வாரம் வைத்து, நோயில்லை எனக் கண்ட பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். உணவு சிறிதாகவும் பலவகையாகவும் இருத்தல் நலம். மிகுந்த உணவு அழுகி நஞ்சாகும். சிறு தொட்டியில் ஒரு சோடிக்கு மேல் வைப்பின் வலியது மெலியதைத் துரத்தி வருத்தும். கடலனிமனி இல்லாமலும் கோமாளி மீன் தொட்டியில் வாழும். கடலனிமனியைக் காப்பதோ அரிது; வலிய வெளிச்சமும், பல மாதங்கள் பழகி நிலைபெற்ற நீரும் அதற்கு வேண்டும். அவசரத்தில் வாங்கிய கடலனிமனி மடிந்தால், அது வெளியிடும் நஞ்சினால் தொட்டி முழுவதுமே அழிதல் கூடும். இவ்விதிகளைப் பேணியோர் தொட்டிகளிலே கோமாளி மீன்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்துள்ளன. இவ்விதிகள் அனைத்தும் ஓருண்மையையே கூறுகின்றன: எவ்வுயிரும் தனித்து வாழ்வதில்லை. மீனை மட்டும் எடுத்தவன் மீனை இழந்தான். அதன் உறவுகளை அறிந்தவனே அதனைக் காத்தான்.

மீனின் உறவுகளைக் கற்றுக்கொண்ட உலகம், அம்மீனைப் பிடித்தவனின் உறவுகளை அறிந்துகொண்டதா? இவ்வினா எம்மை நேராக இலங்கைக் கரைக்கு அழைத்து வருகின்றது. ஏனெனில், காட்சிக்கென முருகைக்கல் மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில் 1930களிலே சிறிய அளவில் முதலில் தோன்றியது இலங்கையிலேயே என மேலே கூறிய 2003ஆம் ஆண்டு அறிக்கை குறிக்கின்றது. 1950களில் ஹவாய், பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களுக்கும் அது விரிந்தது. அப்பெருக்கத்துக்குத் துணைநின்ற புதுமைகள் மூன்று. 1943இல் பிரான்சில் உருவாக்கப்பட்ட மூச்சுக் கருவி, சுழியோடியை நீண்ட நேரம் கடலடியில் இருக்கச் செய்தது. பிளாஸ்டிக் பையில் சிறிது கடல்நீரும் மிகுதி ஒட்சிசனுமிட்டு மீனைக் கட்டி அனுப்பும் முறை, பாரமான தகர வாளிகளின் இடத்தைப் பிடித்தது. விமானப் போக்குவரத்தோ வாரக்கணக்கான பயணத்தை மணிக்கணக்காகக் குறைத்தது. இலங்கையிலே இத்தொழிலின் முன்னோடியாக விளங்கியவர் சுழியோடியும் இயற்கையியலாளருமாகிய றொட்னி ஜோன்க்ளாஸ். ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் இலங்கைக் கடலில் மூழ்கிய நாட்களில் அவர்களோடு மூழ்கியவர் அவர். வெப்பக் கடல் மீன்களைச் சேகரிக்கும் முறைபற்றி 1975இல் நூலொன்றும் எழுதினார்.

அவரைப் போன்ற ஒரு சிலரின் பெயர்களே ஏட்டில் உள. பிறர் பெயரற்றோர். மீனைப் பிடிக்கும் சுழியோடியின் தொழில் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைவலையோடும் கூரிய கண்ணோடும் பாறைப் பிளவுகளிடையே அவன் மீனைத் தொடர்கின்றான். செதில் உதிர்ந்தாலோ செட்டை கிழிந்தாலோ மீன் விலைபோகாது. ஆதலின், அஃது உடல் வலியால் மட்டும் ஆகும் வேலையன்று. மீனின் இயல்பறிந்த கைத்திறனாலும் ஆவது. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்தால், இரத்தத்திற் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டுக்களை வருத்தும். முள்ளந்தண்டினைத் தாக்கி நடையைப் பறிக்கும். சில வேளை உயிரையும் குடிக்கும். ஒரே நாளிற் பன்முறை மூழ்குபவனுக்கு இவ்வபாயம் பன்மடங்கு. கூலியோ மீனெண்ணிக்கைக்கு. பிடித்தவனிடமிருந்து இடைத்தரகருக்கும், அவரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும், அங்கிருந்து அந்நிய நாட்டு மொத்த வியாபாரிக்கும், கடைசியிற் சில்லறைக் கடைக்கும் செல்லுந்தோறும் விலை ஏறுகின்றது. ஏற்றத்தின் அடிப்படியில் நிற்பவன் கைக்குக் கிடைப்பதே யாவற்றிலும் சிறிது. பிரித்தானியர் காலத்து மன்னார் முத்துக்குளிப்பிலே எடுத்த சிப்பியில் மூன்றிலிரண்டை அரசு கொண்டது. எஞ்சிய மூன்றிலொன்று சுழியோடிக்கும் அவன் துணைவருக்கும் உரியதாயிற்று. சுரண்டலே எனினும், விளைவில் ஒரு பங்கு என்னும் உரிமையாவது அங்கிருந்தது. காட்சி மீனைப் பிடிப்பவனுக்கு அத்தகைய பங்கும் இல்லை.

எண்ணிக்கைக்குக் கூலி என்ற ஏற்பாட்டின் தீங்கு மனிதனோடு நிற்கவில்லை. விரைந்து மிகுதியாகப் பிடித்தால்தான் வயிறு நிறையும் என்ற நிலையிலே, பாறையைக் காக்கும் பொறுமைக்கு இடமேது? முருகைக் கற்பாறை மீது வலையைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் கற்கொடிகளை இரும்புக்கோலால் உடைத்து மீனை வெளியேற்றும் முறை இலங்கையில் வழங்கிற்று. பிலிப்பைன்ஸிலே 1960களிலிருந்து சோடியம் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சினைப் பாறைப் பிளவுகளிற் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. மயங்கிய மீன்களிற் பல பின்னர் மடிந்தன. சுற்றியிருந்த முருகை உயிர்களும் மடிந்தன. இதற்கு மீனவரின் பேராசையே காரணம் எனச் சொல்வது வசதியான விளக்கம். மலிவாகவும் மிகுதியாகவும் வேண்டுமென்று கேட்ட சந்தையைப் பற்றி அவ்விளக்கம் வாய் திறப்பதில்லை.

இந்நிலையில் விஞ்ஞானம் ஒரு மாற்று வழியைக் காட்டிற்று. கோமாளி மீன் தன் முட்டைகளைக் கடலனிமனியின் அருகேயுள்ள கல்லில் ஒட்டிவைக்கின்றது. ஆண் மீன் அவற்றைக் காவல் காத்து, செட்டையால் விசிறி, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பொரிக்கச் செய்கின்றது. இவ்வினத்தில் குஞ்சுகள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்திற் பெரியது மட்டுமே பெண். பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறுகின்றது. 1977இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை நிறுவிற்று. ஆதலின் எவ்விரு இளங் குஞ்சுகளை வளர்த்தாலும் அவை காலப்போக்கிற் சோடியாகும் என்பது வளர்ப்போருக்குப் பெரும் வசதியாயிற்று. முட்டையிடச் செய்வதில் இடர் இல்லை. பொரித்த குடம்பிகளுக்கு உணவு தேடுவதே இடராயிருந்தது. கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு வாய்க்குத் தக்க உணவு ஜப்பானில் அகப்பட்டது. விலாங்கு வளர்க்கும் குளங்களிலே தொல்லையெனக் கருதப்பட்ட றொட்டிபர் என்னும் நுண்ணுயிர், கடல்மீன் குடம்பிகளுக்கு ஏற்ற உணவு என்பதனை 1960இல் இத்தோ என்னும் ஜப்பானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் கோமாளி மீனை விற்பனைக்குரிய அளவில் வளர்த்தெடுத்தார். இன்று உலகச் சந்தைக்கு வரும் கோமாளி மீன்களிற் பல வளர்ப்பகங்களிற் பிறந்தவை. 2003இல் வெளியான அமெரிக்கச் சித்திரத் திரைப்படம் ஒன்று அம்மீனைக் குழந்தைகள் உலகின் செல்லமாக்கியபோது, அவ்வளர்ப்பகங்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன.

வளர்ப்பகத்திற் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்கு எளிதில் இணங்குகின்றது; கடலுக்கும் தீங்கில்லை. எனவே பிரச்சினை தீர்ந்தது என்று கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வளர்ப்பகம் எங்கே உள்ளது, யார் கையில் உள்ளது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கடலைவிட்டுத் தொலைவிலுள்ள செல்வந்த நகரங்களிலே செயற்கை உப்பு நீரில் மீன் பெருகுமாயின், கரையோரச் சுழியோடிக்கு எஞ்சுவது யாது? தன் கடலின் மீன் உலகெங்கும் விலைபோக, அவன் மட்டும் வெறுங்கையோடு கரையில் நிற்பான். பாறையைக் காப்பதில் அவனுக்கிருந்த பொருளாதாரக் காரணமும் அற்றுப்போகும். முருகைக் கல்லுக்குச் சுண்ணாம்புச் சூளையிலும் விலை உண்டு என்பதை மறத்தலாகாது. மேற்கூறிய 2003ஆம் ஆண்டு அறிக்கையின்படி, காட்சிக்கென விற்கப்படும் உயிருள்ள முருகைக்கல் தொன் ஒன்றுக்கு 7,000 டொலர் பெறுமதியுடையது. சுண்ணாம்புக்கென உடைக்கப்படும் கல்லோ தொன் ஒன்றுக்கு 60 டொலர். எமது தென்மேற்குக் கரையிலே பல்லாண்டுகளாகப் பாறைகள் சூளைக்கு இரையானமையும், 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்த முனைந்தமையும் யாவரும் அறிந்தவை. சட்டம் கையைத் தடுக்கலாம். வயிற்றுக்கு வழி சொல்லாத சட்டம் நெடுநாள் நிலைப்பதில்லை.

ஆகவே, நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று: வளர்க்கும் அறிவு கரையோர மக்களின் கைக்கு வரல் வேண்டும். இது வெறுங்கனவன்று. பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் உயராய்வு மையமும், மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன் இனங்கள் பலவற்றை வெற்றியோடு இனம்பெருக்கியுள்ளன. இலட்சத்தீவுகளைச் சேர்ந்த அகத்தித் தீவிலே, அண்மைய ஆண்டுகளில், பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து காட்சிக்குரிய கடலுயிர்களை வளர்க்கப் பயிற்றப்பட்டுள்ளனர். கடல்நீர் வாயிலிலே வந்து மோதும் ஊருக்கு உப்பு வாங்க வேண்டியதில்லை. நீரைச் சூடாக்க வேண்டியதுமில்லை. மீனின் இயல்பையோ சுழியோடி புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வேண்டுவன சிறு மூலதனமும், கூட்டுறவு அமைப்பும், தாய்மொழியிலே எழுதப்பட்ட தெளிவான கைந்நூலும், தரகரைத் தாண்டிச் சந்தையை அடையும் வழியுமே. இவற்றை அளிப்பது அரசினதும் பல்கலைக்கழகங்களினதும் கடமை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்னும் வேறுபாடின்றி இத்தீவின் எல்லாக் கரைகளிலும் மூழ்கி உழைப்போர் அனைவருக்கும் பொதுவான தேவை இது.

காட்சியின் பயனும் பொதுவாதல் வேண்டும். 1909ஆம் ஆண்டிலே சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டபோது, கடலடியை ஒருபோதும் காணமுடியாத ஏழை எளியோரும் கடலின் உள்ளத்தை எட்டிப் பார்க்க இயன்றது. அத்தகைய பொதுத் தொட்டிகள், பாடசாலைத் தொட்டிகள் பெருகுதல் வேண்டும். ஒரு தொட்டியின் முன்னால் நிற்கும் சிறுவனுக்கு மீனின் பெயரை மட்டும் சொன்னாற் போதாது. அதனைப் பிடித்தவன் யார், வளர்த்தவள் யார், அதன் பாறை இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றையும் சொல்லல் வேண்டும்.

பாறையின் நிலை மகிழ்ச்சி தருவதன்று. 1998இல் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியபோது, முருகை உயிர்கள் தம் நிறம் இழந்து வெளிறி மடிந்தன. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பாறைத் தொடரிலும் ஆழங்குறைந்த பகுதிகள் பேரழிவுக்குள்ளாயின. கடலனிமனியும் அவ்வாறே வெளிறும். அது மறைந்தால் கடலிலே கோமாளி மீனுக்கு வீடில்லை. இவ்வழிவினைக் கைவலை கொண்டு மூழ்கிய ஏழை செய்யவில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் நூற்றாண்டுக்கு மேலாக எரித்து வளம் பெற்ற நாடுகளின் புகையே கடலைச் சூடேற்றிற்று. அந்நாடுகளின் வரவேற்பறைகளிலே, மின்சாரத்தால் அளவோடு சூடேற்றப்பட்ட தொட்டிகளில், எமது கடலின் மீன்கள் நலமாக நீந்துகின்றன என்பது இக்காலத்தின் கசப்பான முரண்.

மீனைத் தொட்டியில் உயிரோடு காக்க மனிதனுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் உழைப்பை மதிக்கக் கற்றபோதுதான் அவன் அதில் வென்றான். கண்ணுக்குத் தெரியும் மனிதரின் உழைப்பை மதிக்கக் கற்பதற்கு அத்துணை காலம் பிடித்தல் ஆகாது. ஏனெனில், பாறைகள் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.